கம்பியில் குத்திய கடிதங்கள்

சாவுச் செய்தி வரும் கடிதத்தை எங்கள் ஆயா வீட்டுக்குள் விடமாட்டாள். தபால்காரர் நீட்டும்போதே ஓரத்தில் கறுப்பு மை இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் திண்ணையிலேயே யாராவது படித்துச் சொல்ல வேண்டும். படித்த கையோடு நாலாகக் கிழித்துத் தெருவில் போட்டுவிட்டு, கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழையலாம். கல்யாணக் கடிதாசி என்றால் மஞ்சளோடு உள்ளே வரும். சாமி படத்துக்குக் கீழே ஒருநாள் இருந்துவிட்டுக் கம்பிக்குப் போகும். இதனால் எங்கள் குடும்பத்தில் யார் யாரை எந்த வைகாசியில் கட்டினார் என்று இன்றைக்கும் சொல்லிவிடலாம். யார் எப்போது செத்தார் என்று கேட்டால் மட்டும் 'பெரிய மழைக்கு முந்தின வருஷம்' என்பதற்கு மேல் பதில் கிடையாது.

அதோடு போகி வேறு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழித்துப்போடும்போது, எதற்கு இந்தக் குப்பை என்று ஒரு கட்டு காகிதம் எப்படியும் வாசலுக்குப் போய்விடும். பழைய காகிதம் என்றதும் எல்லாரும் கரையானைத்தான் திட்டுகிறார்கள். எனக்குப் போகிமேல்தான் கோபம் அதிகம்.

திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்குச் 'சிலோன்காரர் வீடு' என்று பெயர். தாத்தா கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1920களின் நடுவில் என்பது குத்துமதிப்பு. அப்பாவும் அம்மாவும் ஹட்டன் பக்கத்தில் தோட்டத்து வரிசை வீட்டு அறையில், அங்கத்துப் பேச்சில் லயத்துக் காம்பராவில், பிறந்தார்கள், நானும் அங்கேதான். 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்ததும் ஒரே எழுத்தில் எல்லாரும் நாடற்றவர்கள் ஆனோம். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு; அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டுக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் அப்பா குடும்பம் இந்தியா, அம்மாவின் தங்கை குடும்பம் இலங்கை. மனு எழுதிய நாளில் அவரவர் சொன்னதுதான் பிறகு தலையெழுத்தாகிவிட்டது. 1974இல், தோட்டங்களில் அரிசி இல்லாமல் ஜனங்கள் மரவள்ளிக்கும் வழியில்லாமல் கிடந்த காலத்தில், நாங்கள் கோச்சி ஏறினோம். ரயிலுக்கு அங்கே கோச்சி என்றுதான் பெயர். தலைமன்னாருக்குப் போகும் அந்த வண்டியை மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்பார்கள். அங்கிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலையடிவாரம்.

கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி. பச்சை பெயின்ட் அடித்து, மூடிமேல் வெள்ளையில் அப்பா பெயரும் ஒரு எண்ணும் எழுதியிருக்கும். அந்தப் பெட்டிக்குள் அப்பா வைத்திருந்த ஒழுங்கைச் சொல்ல வேண்டும். அடியில் பாஸ்போர்ட்டுகள். அதன்மேல் கண்டியில் இருந்த இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை. அதற்குமேல் பிறப்புப் பத்திரங்கள், தோட்டத்து சேமலாப நிதிக் காகிதங்கள். எல்லாம் ஒரு எண்ணெய்த் துணியில் சுற்றி, கொழுந்துக் கூடைக் கயிற்றால் கட்டியது. குடும்ப அட்டை இருந்தால்தான் மறுவாழ்வு உதவி, வியாபாரக் கடன், எல்லாம். அதை அடகு வைத்தவர்களும் தரகரிடம் தொலைத்தவர்களும் மண்டபத்திலேயே இருந்தார்கள் என்பதால் அப்பா அந்தப் பெட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்து வைத்திருந்தார். குளிக்கும்போதுகூட அவிழ்த்ததில்லை.

அட்டை பழுப்பேறிவிட்டது, மடிப்புக் கோட்டில் காகிதம் துணியைப்போல நைந்துவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே உறவு, வயது. ஆயாவின் வயது அவள் மகனின் வயதைவிடப் பதினோரு வருஷம்தான் அதிகம். எழுதிய குமாஸ்தாவும் சிரிக்கவில்லை, எங்கள் வீட்டிலும் அப்போது யாரும் கவனிக்கவில்லை. பிற்பாடு ஒவ்வொரு சான்றிதழும் அந்தப் பதினோரு வருஷத்தை வைத்தே எழுதப்பட்டது. சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன ஒரு அலுவலகத்தில், "உங்கம்மா இவ்வளவு சின்னப் பொண்ணாய்யா?" என்று அப்பாவைக் கேட்டு ஒரு ஹாலே சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத் திருத்திக் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. திருத்தினால் அட்டையே செல்லாமல் போய்விடும் என்ற பயம்.

படங்களும் கடிதங்களும் அந்தப் பெட்டியில் இல்லை. படங்கள் சுவரில், கடிதங்கள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் தொங்கிய கம்பியில். எந்த அலுவலகமும் கேட்காத எதற்கும் எங்கள் வீட்டில் பூட்டு கிடையாது. இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தாயகம் திரும்பிய எந்த வீட்டில் கேட்டாலும் முதலில் எடுத்துக் காட்டுவது குடும்ப அட்டையைத்தான். அரசாங்கம் எங்களைக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் பத்திரமாக இருக்கின்றன. நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டவை இல்லை.

தாத்தா போன காலத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லாததற்கு எங்கள் கவனக்குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள மச்சம் தழும்புவரை. ஃபிஜிக்கும் மொரீஷியஸுக்கும் அப்படியே. அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு டர்பனிலிருந்து நம் ஊர்ப் பக்கம் வேர் தேடி வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு உதவிக் குறிப்பு: திருவண்ணாமலை தாலுகா அந்நாளில் தென்னார்க்காட்டில் இருந்தது. 1911இல் சித்தூர் ஜில்லா பிரிந்தபோதுதான் வடஆர்க்காட்டுக்கு வந்தது. 1989இல்தான் தனி மாவட்டம். இன்றைய வரைபடத்தை வைத்துத் தேடினால் கொள்ளுத் தாத்தா கிடைக்கமாட்டார். சிலோனுக்குப் போனவர்களுக்கு அந்த வம்பே இல்லை. தனி ஆளுக்கு ஒப்பந்தம் இல்லை. கங்காணி தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். கணக்கும் கடனும் கங்காணி பெயரில். ஆளை எண்ணியது செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேடு.

இதை நான் சரியாக யோசித்துப் பார்த்தது ஒரு கனடாக்கார அம்மாவால். ரமணாசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு மாடி அறையை வாடகைக்கு விடுவது எங்கள் பகுதியில் பல வீடுகளுக்கு ஒரு வருமானம். டிசம்பர் வந்தால் நிரம்பிவிடும். அப்படி ஒரு வருஷம் வந்தவர் அவர். மென்னோனைட் குடும்பம். போரே கூடாது, ஆயுதம் தொடக் கூடாது என்ற கிறிஸ்தவப் பிரிவு. ஜெர்மன் பேசிக்கொண்டு ரஷ்யப் பேரரசின் தெற்கே, இப்போதைய உக்ரைனில், விவசாயம் செய்தவர்கள். புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம் எல்லாம் பட்டு, 1923 முதல் 1930க்குள் சுமார் இருபதாயிரம் பேர் கனடா போய்ச் சேர்ந்தார்கள். பயணச் செலவைக் கனடியன் பசிபிக் ரயில்வே கடனாகக் கொடுத்தது. கடனுக்கு அவர்களுடைய குடியேற்ற வாரியமே பொறுப்பேற்று, குடும்பத்துக்கு ஓர் அட்டை போட்டது. யார் யார், எங்கே பிறந்தார்கள், எந்தக் கப்பலில் வந்தார்கள், எவ்வளவு பாக்கி என்று. மொத்தக் கடனும் அடைந்தது 1946இல். அந்த அட்டைகள் இப்போது வின்னிபெக்கில் அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தன் பாட்டியின் அட்டையை அவர் மடிக்கணினியில் எனக்குக் காட்டினார். பாட்டியின் அம்மா பெயர்கூட இருந்தது.

அன்றைக்கு எனக்கு வந்தது பொறாமை, வேறொன்றுமில்லை. கடன் எங்களுக்கும்தான் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கங்காணி 'துண்டு' வாங்க வேண்டும். கடனைக் கட்டிவிட்டால் ஆட்களை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். சீட்டு ஒழிந்தது, கடன் ஒழியவில்லை. வித்தியாசம் கணக்கு யார் கையில் இருந்தது என்பதில்தான். அவர்களுடைய கடன் புத்தகத்தை எழுதியவர்கள் அவர்களுடைய ஆட்கள். கடன் அடைந்த பிறகும் அதை எறிய மனம் வராதவர்கள். எங்கள் கணக்கை எழுதியவருக்குக் கணக்கு முடிந்ததும் காகிதம் எதற்கு?

அந்தக் கனடாக்கார அம்மா என் அம்மாவோடும் உட்கார்ந்து பேசுவார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக் களைத்து எழுந்துபோன பிறகும் அவர்கள் பாட்டுக்கு ஆளுக்கொரு பாஷையில் பேசிக்கொண்டிருப்பார்கள். சுவரில் இருந்த படத்தைக் காட்டி அவர் கேட்டது ஒன்றுதான்: இவர்கள் எல்லாம் யார்? பின்னால் ஏன் பெயர் எழுதவில்லை?

அந்தப் படம் 1960களில் ஹட்டனில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. நாற்காலியில் தாத்தா, தலைப்பாகையோடு. பக்கத்தில் ஆயா, இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, யாரோ திட்டியதுபோல. பின்னால் நிற்கிற அப்பாவின் கோட்டு ஸ்டுடியோவுடையது. கை இரண்டு அங்குலம் குட்டை. அவருக்குப் பின்னால் திரையில் ஒரு மாளிகை, மாடிப்படி, பூந்தொட்டி. லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் இருந்த குடும்பம் அந்த மாடிப்படிக்கு முன்னால் மிகவும் இயல்பாக நிற்கிறது. ஓரத்தில் இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள். தாத்தா போனதும் அவர் நெற்றியில் கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஆயா போனதும் அவளுக்கும். வருஷா வருஷம் வைத்து, வழிந்து, சட்டத்தின் அடிப்பக்கம் உள்ளே இறங்கிவிட்டது. ஈரச் சுவர் வேறு. படத்தின் கீழ்ப்பகுதி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்படி ஒட்டிய படத்தைப் பிய்த்து எடுக்கவே கூடாது. படத்தின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின். ஈரத்தில் ஊறிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போகும், கையில் வெள்ளைக் காகிதம் மிஞ்சும். சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே வெளிப்புறம் துடைத்து, அப்படியே படம்பிடித்து வைத்தேன். வெயில் நேரடியாக விழாத திண்ணை வெளிச்சம் போதும். ஃபிளாஷ் போட்டால் கண்ணாடி பல்லைக் காட்டும். லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லாத உறவினர் இல்லை. சூட்டில் உருக்கி ஒட்டுவதைத் திரும்பப் பிரிக்க வழியே கிடையாது. செல்லோடேப்பும் வேண்டாம், பத்து வருஷத்தில் மஞ்சளாகிப் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும். பின்னால் பெயர் எழுதுவதென்றால் மிருதுவான பென்சிலால், படத்தை அழுத்தாமல். ஒரு வேடிக்கை: வெள்ளி உப்பில் கழுவிய அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் அறுபது வருஷம் கழித்தும் கண்ணிமை தெரிய இருக்கின்றன. 1980களில் பெருமையாக எடுத்த என் தம்பியின் கலர் கல்யாண ஆல்பம் செக்கச் செவேலென்று வெளிறிவிட்டது; நீலச் சாயம் முதலில் போய்விடுகிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களைத் தேடிப் போய், அழியவிருந்த கண்ணாடித் தகடுகளையும் படங்களையும் மின்னணுப் பதிவாக்கினார்கள்; பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் பணம் கொடுத்தது. அதில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக முகங்கள் இருக்கின்றன. பெயர் இல்லாத முகங்கள்தான் பெரும்பாலும். பெயரை ஸ்டுடியோக்காரர் எழுதி வைக்கமாட்டார்; அதைச் செய்ய வேண்டியது வீட்டுக்காரர்.

எனவே அம்மாவை உட்காரவைத்து, செல்போனில் பதிவுபோட்டு, படம் படமாகக் கேட்டேன். அம்மா ஆளைச் சொல்லவில்லை, ஆளின் வேலையைச் சொன்னாள். "இது பீலிக்கரை அண்ணன். இவரு பெரட்டுக்குப் பிந்தி வந்து அரைப்பேர் வாங்குற ஆளு." பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுப்பது, அரைப்பேர் பாதி நாள் கூலி. பெயர் என்னம்மா என்றால், "பேரா? அண்ணன்னுதான் கூப்புடுவோம்." ஹட்டன் படத்தின் ஓரத்தில் நின்ற மூன்று பேரில் ஒருவர் இப்படித்தான் பீலிக்கரை அண்ணன் என்று பென்சிலில் பதிவானார். மற்ற இருவரைப் பார்த்து, "ஸ்டுடியோவுல நின்னுக்கிட்டிருந்தாங்க, ஒங்க தாத்தா வாங்கன்னு கூப்புட்டுட்டாரு" என்றாள். எங்கள் குடும்பப் படத்தில் வழிப்போக்கர்கள் இருவர் இருக்கிறார்கள். அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

கடிதங்களுக்கு வருகிறேன். கம்பியில் மிஞ்சியிருந்தவை பெரும்பாலும் சின்னம்மா தோட்டத்திலிருந்து போட்டவை. ஒவ்வொன்றின் நடுவிலும் கம்பி குத்திய ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துரு. அடுப்புப் புகை ஏறி ஓரம் காப்பி நிறம். ராமபாணப் பூச்சி தின்ற இடம் இலங்கை வரைபடம்போல இருக்கிறது என்று தம்பி சொல்வான். அவன்தான் சின்ன வயதில் தபால்தலை சேர்க்கிறேன் என்று எல்லா உறையிலும் மூலையைக் கிழித்தவன். அதோடு தபால் முத்திரையும் தேதியும் போயிற்று. சின்னம்மாவுக்கு எழுதத் தெரியாது. லயத்தில் யாராவது பையனிடம் சொல்லி எழுதவைப்பாள். தேதி போடும் வழக்கம் அவளுக்கு இல்லை. 'தீவாளிக்கு முந்தி', 'காமன் கூத்து முடிந்து' என்று இருக்கும். எனவே நிகழ்ச்சிகளை வைத்துத்தான் அடுக்க வேண்டியிருந்தது. 1977 ஆகஸ்டுக் கலவரத்துக்குப் பிறகு வந்த கடிதம் எது என்று பார்த்ததும் தெரிந்தது. அதில் நலம் விசாரிக்கவே இல்லை, எடுத்த எடுப்பில் 'நாங்கள் உயிரோடு இருக்கிறோம்' என்று தொடங்குகிறது.

அவற்றில் ஒன்றில் புரியாத ஒரு வரி. வழக்கமான விசாரிப்புகள், ஆட்டுக்குட்டி போட்ட செய்தி, எல்லாம் முடித்து, கடைசியில்: 'பிள்ளையிடம் சொல்லுங்கள், காம்பராவில் வேறு குடும்பம் வந்துவிட்டது, சாமான் வைக்கக்கூட இடம் இல்லை.' எந்தப் பிள்ளை, எந்தச் சாமான்? அம்மாவுக்கும் தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

காகிதம் பழைய நினைவு மட்டும் என்றால் இத்தனை பாடுபட வேண்டாம். எங்களைப்போல கப்பலில் வர முடியாமல், 1983க்குப் பிறகு படகில் வந்த மலையகத்தார் நிறையப் பேர் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. திருவண்ணாமலைப் பக்கத்து முகாம்களிலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. எங்கள் தாத்தாவைப்போலவே இந்த மண்ணிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியினரான அப்படிப்பட்டவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. பரிசீலிக்க வேண்டுமானால் காட்டக் காகிதம் வேண்டும். பழைய இந்தியப் பாஸ்போர்ட், தாத்தாவின் குடும்ப அட்டை எண், ஏதோ ஒன்று. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். அந்தத் தேதிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு சொல்லிவிடும். ஆகவே முகாமில் யாராவது காகிதம் காட்ட வந்தால் நான் முதலில் சொல்வது, அசலை யார் கேட்டாலும் கொடுக்காதே, நகலைக் கொடு. அப்பாவின் அரைஞாண் சாவியை ஒருகாலத்தில் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது அதே உபதேசத்தை நான் செய்துகொண்டிருக்கிறேன்.

சின்னம்மா போய்விட்டாள். அவள் மகன் இன்னும் ஹட்டன் பக்கம் இருக்கிறான், வாட்ஸப்பில் பேசுவோம். கடிதங்களை அடுக்குகிறேன் என்று சொன்னதும், "அக்கா, நீங்க எழுதினது எல்லாம் இங்க இருக்கே" என்றான். இவ்வளவு நாள் எனக்கு ஏன் இது தோன்றவில்லை? நமக்கு வந்தவை நம்மிடம் இருக்கும். நாம் எழுதியவை அடுத்தவர் வீட்டில்தானே இருக்கும். அங்கே கம்பி இல்லை. சின்னம்மா ஒரு மாரி பிஸ்கட் டின்னில் வைத்திருந்திருக்கிறாள். தபால்தலையைக் கிழிக்க அங்கே ஆள் இல்லாததால் தேதியெல்லாம் அப்படியே இருக்கிறது.

அவன் ஒவ்வொன்றாகப் படம்பிடித்து அனுப்பினான். எழுத்து என்னுடையது. அப்பா சொல்லச் சொல்ல, நாலாம் வகுப்புப் பிள்ளை எழுதியது. அப்பா சொல்வது எப்போதும் ஒன்றுதான்: இங்கே எல்லாரும் சுகம், டீக்கடை நன்றாகப் போகிறது, அண்ணாமலையார் புண்ணியத்தில் குறையில்லை. உண்மையில் டீக்கடை போட்ட முதல் வருஷம் கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் தவிர ஈ ஓட்டினோம். இன்றைக்கு ஓடுகிற கிரிவலக் கூட்டம் அப்போது இல்லை. ஆயுசெல்லாம் கொழுந்து பறித்த குடும்பம் போட்ட டீ இந்த ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, பால் குறைச்சல் என்றார்கள். அதெல்லாம் கடிதத்தில் இல்லை.

1974 நவம்பர் முத்திரை குத்திய கடிதத்தில் அப்பாவின் 'இப்படிக்கு'வுக்குக் கீழே, ஓரத்தில், எழுத்து சின்னதாகி ஒரு வரி ஓடுகிறது. அவர் சொல்லாதது, நானாக எழுதிச் சேர்த்தது: 'சின்னம்மா எனக்கு இந்த ஊர் வேண்டாம் ரொம்ப வெயில். நான் வருகிறேன் எங்கள் காம்பராவைப் பூட்டி வைக்கவும்.'

இங்கே கேள்விக்குறி போட்டு வைத்திருந்த கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அம்மாவுக்கு இரண்டையும் படித்துக் காட்டினேன். "ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா முதுகு பழுத்திருக்கும்" என்றாள். பிறகு, சின்னம்மாவுக்கு அந்தப் பதிலை எழுதிக்கொடுத்த பையன் யாராக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். பீலிக்கரை அண்ணனின் மகனாக இருக்கலாம் என்கிறாள். சின்னம்மா மகனிடம் கேட்டிருக்கிறேன், அவனுக்கும் பெயர் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.